குரங்கு கையில் பூமாலையைக் கொடுங்கள்: கூண்டுப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குரங்கு கையில் பூமாலை" என்று திட்டுவதற்குத்தான் சொல்வோம். மலேசியாவின் பினாங்கில் ஒரு சிறிய விலங்குப் பூங்காவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, அந்தப் பழமொழி என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்துவிட்டது. பிய்ப்பதும் உரிப்பதும் உதறுவதும்தானே குரங்கின் பிழைப்பு! காட்டில் இலையைப் புரட்டிப் பூச்சி தேடும், பட்டையைக் கிழிக்கும், காயை உடைக்கும். கூண்டில் அடைத்ததும் அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு வயிற்றுக்கு மட்டும் போடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்கும்.

எங்கள் பூங்காவில் காலையில் ஒரு தட்டு, மாலையில் ஒரு தட்டு. நறுக்கிய பழத்தை வைத்ததும் பெரிய கடுவன் வந்து தட்டை மறித்து உட்கார்ந்துகொள்ளும். மற்றவை சுற்றி நின்று, கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும். மீதிப் பகல் முழுவதும் என்ன செய்யும்? நீள்வால் குரங்குகளில் ஒரு மந்தி தன் முன்கை முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருந்தது. முழங்கைக்குக் கீழே வெறும் தோல். "அது அதோட பழக்கம் தம்பி" என்றார்கள். அப்படிச் சொல்லி விட்டுவிடுவதுதான் முதல் தவறு. முடி உதிர்ந்தால் தோல் நோயா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் இல்லையென்றால் அதன் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் மூத்த பராமரிப்பாளரை எல்லாரும் பெரியண்ணன் என்போம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் அவர் வாழையிலையை வெட்டி வந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுவது போலவே மடித்து, சிலவற்றுக்குள் நாலு வேர்க்கடலையும் கீரைத்தண்டும் வைத்தார். சிலவற்றில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் கலந்து கூண்டின் மேல்பகுதியில் இருபது இடத்தில் செருகினார். அந்த மந்தி ஒன்றை எடுத்து முகர்ந்தது, குலுக்கிப் பார்த்தது, அப்புறம் இலையை நரம்பு நரம்பாகக் கிழித்தது. காலியான பொட்டலத்தைக்கூட விடவில்லை. இருபது இடத்தில் இருந்ததால் கடுவனாலும் மறிக்க முடியவில்லை.

ஆனால் இதையே தினமும் செய்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். டயரைத் தொங்கவிட்டு "விளையாட்டுப் பொருள் வைத்தாயிற்று" என்று ஆண்டுக்கணக்கில் மறந்துவிடும் இடங்கள் நிறைய. அந்த டயர் குரங்குக்கு இன்னொரு சுவர், அவ்வளவுதான். இன்று பொட்டலம், நாளை துளை போட்ட மூங்கில், மறுநாள் தரையில் மரச்சீவல் பரப்பி அதற்குள் தானியம் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். மரச்சீவலைக் கூரைக்குக் கீழே மட்டும் போடுங்கள். நம் ஊர் மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

வாழைப்பழம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குத் தோட்டம் 2014இல் குரங்குகளுக்கு வாழைப்பழம் போடுவதை நிறுத்தியது. மனிதர்களுக்காக விளைவிக்கும் பழத்தில் சர்க்கரை அதிகம்; பல்லும் கெடும், நீரிழிவுக்கும் வழி விடும். நம் தண்ணீர்மலைப் பக்கம் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு உட்கார்ந்திருக்குமே லோத்தோங் என்ற இலைதின்னும் குரங்கு, அதற்கு இன்னும் மோசம். அதன் வயிறு மாட்டு வயிறு போலப் பல அறை கொண்டது, இலையைப் புளிக்கவைத்துச் செரிப்பதற்கானது. ரொட்டியும் இனிப்புப் பழமும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும்.

அடுத்து இடம். புதுக் கூண்டு கட்டும்போது தரையைத்தான் அளந்தோம். அகலமான கூண்டு, கூரை ஏழடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பயந்த குரங்கு மேலே ஓடும். ஏழடிக் கூண்டில் ஓடிப்போய் உட்கார்ந்தால் அதன் முகமும் நம் முகமும் நேருக்கு நேர். உற்றுப் பார்ப்பது அதன் பாஷையில் மிரட்டல். அது பல்லைக் காட்டும், பார்க்க வந்தவர்கள் "சிரிக்குது பாரு" என்று படம் எடுப்பார்கள். அது சிரிப்பு இல்லை, பயம்.

உயரம் கொடுத்த பிறகும் தவறு செய்ய இடம் இருக்கிறது. மேலே ஒரே ஒரு பலகை வைத்தால் அது கடுவனுடையதாகிவிடும். உச்சியில் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் வர ஒரு வழி, தப்பிக்க இன்னொரு வழி வேண்டும். பார்வையை மறைக்கும் தடுப்பு இரண்டு இருந்தால் பாதிச் சண்டை நடக்காது. தீயணைப்புத் துறை கழித்துப்போடும் பழைய குழாயைப் பின்னினால் அருமையான பாலமும் தூளியும் ஆகும். 2019இல் பினாங்கின் தெலுக் பஹாங்கில் லோத்தோங்குகள் சாலையைக் கடக்க லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு குழுவினர் கட்டிய பாலமும் அதே குழாயில்தான். கயிறு கட்டினால் மட்டும் கழுத்தோ விரலோ சிக்கும் சுருக்கு இல்லையா என்று தினமும் தடவிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே கூண்டு சரிவராது. ஊங்கா என்ற வாலில்லாக் குரங்கு (கிப்பன்) கைமாற்றிக் கைமாற்றி ஊஞ்சலாடிப் போகும்; அதற்குப் பலகை அடைசல் இல்லாத நீண்ட வெளி வேண்டும். கொங்காங் என்பது இரவில் நடமாடும் தேவாங்கு; அது தாவாது, கிளைக்குக் கிளை தொடர்ச்சி வேண்டும், பகலில் இருட்டு வேண்டும். சிறுநீரால் வாசனை வைத்து வாழும் பிராணி அது. கூண்டு முழுவதையும் ஒரே நாளில் மருந்து போட்டுக் கழுவினால் அதன் வீட்டையே அழித்த மாதிரி.

தனியாக வைப்பதும் கொடுமை. துணை வேண்டுமே என்று புதியதைத் திடீரென உள்ளே விடுவதும் கொடுமை. முதலில் பக்கத்துக் கூண்டில், கம்பிவலை நடுவில் இருக்க, வாரக்கணக்கில் பழக விடுங்கள்.

பயிற்சி என்றதும் குரங்காட்டியின் கோலும் "ஆடுறா ராமா"வும்தான் பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது வேறு: ஊசிக்குக் கை நீட்டுவது, எடைமேடையில் உட்காருவது, கூப்பிட்டால் பக்கத்து அறைக்குப் போவது. முன்பு எங்களிடம் வலைதான் இருந்தது. மருத்துவரின் வண்டிச் சத்தம் கேட்டாலே கூண்டு முழுக்க அலறும், பயத்தில் கழிந்துவிடும். பெரியண்ணன் மூங்கில் குச்சி நுனியில் ஒரு சிவப்புப் பந்தைச் செருகினார். பந்தைத் தொட்டால் "டிக்" என்று ஒரு சத்தம், உடனே ஒரு உலர்திராட்சை. பிறகு கம்பி இடைவெளியில் கை நீட்டினால் திராட்சை. அப்புறம் பேனா மூடியால் தொடுவது, ஊசி இல்லாத சிரிஞ்சால் அழுத்துவது.

இங்கே நாங்கள் செய்த பிழை அவசரம். மூன்றாவது வாரமே ஒருவர் நிஜ ஊசியைக் குத்திவிட்டார். ஒரு மாதத்துக்கு அந்த மந்தி கம்பிப் பக்கமே வரவில்லை. பசியோடு இருந்தால் சீக்கிரம் கற்கும் என்று பட்டினி போடுவது அதைவிடப் பெரிய பிழை. நீட்டிய கையைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றிலும் பெரியது. வேண்டாம் என்று அது எழுந்து போனால் போக விடுங்கள். போகலாம் என்று தெரிந்தால்தான் திரும்பி வரும். எட்டாவது மாதத்தில், முடி பிடுங்கிக்கொண்டிருந்த அதே மந்தி கையை நீட்டி, ஊசி ஏறும் இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் கம்பிக்கு வெளியே நின்றே செய்யுங்கள். நீள்வால் குரங்கிடம் பி வைரஸ் இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் நமக்கு உயிராபத்து.

வீட்டில் குட்டி வைத்திருப்பவர்கள் சிலர், வளர்ந்து கடிக்க ஆரம்பித்ததும், இரக்கப்பட்டுப் பூங்காவிலோ மலையடியிலோ கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருக்கும் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது, அடித்துத் துரத்தும். இரை தேடவும் அதற்குத் தெரியாது. நம்மிடமிருந்து தொற்றிய காசநோயும் கூடவே போகலாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். ஊங்காவும் கொங்காங்கும் சட்டப்படி முழுப் பாதுகாப்பு பெற்றவை; அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். தெரிந்தவர் வீட்டில் இருந்தால் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதிகாரிகள் வரும்வரை அதைத் தனியாகக் கட்டிப்போடாமல், உயரமான இடத்தில், நிழலில், கையில் கிழிக்க ஒரு வாழையிலையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.