ஒகினாவாவின் மரைன் படையைப் படித்தறிவது எப்படி

ஜப்பானின் ஒகினாவா தீவிலிருந்து அமெரிக்க மரைன்கள் புறப்பட்டதாக வரும் செய்திகள் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் 'கடற்படை வீரர்கள்' என்றே அச்சாகின்றன. இந்தப் படையைப் பற்றிப் படிக்க விரும்புபவர் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது இந்தச் சொல்லைத்தான். அமெரிக்க மரைன் கோர் அந்நாட்டின் கடற்படைத் துறையின் கீழ் இயங்கினாலும், தனக்கென்று தலைமைத் தளபதியும் தரைப்படையும் விமானங்களும் கொண்ட தனிப் படை. கப்பல்களைச் செலுத்துவது கடற்படை. அவற்றில் ஏறிச் சென்று கரையில் இறங்கிப் போரிடுவது மரைன்கள். தமிழ்நாட்டின் கடலோரங்களில் 'மரைன் போலீஸ்' என்று மக்கள் அழைக்கும் காவல் பிரிவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

அடுத்து, எந்தப் படையைப் பற்றிப் படிக்கிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். மரைன் கோரில் மூன்று பெரும் படைத்தொகுதிகள் உள்ளன. முதலாவது கலிபோர்னியாவிலும் இரண்டாவது வட கரோலினாவிலும் உள்ளன. மூன்றாவதான மூன்றாம் மரைன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் (கடல்கடந்து அனுப்பப்படும் படை) மட்டுமே நிரந்தரமாக வெளிநாட்டில் நிறுத்தப்பட்டுள்ளது. அதன் தலைமையகம் ஒகினாவாவின் உருமா நகரிலுள்ள கேம்ப் கோர்ட்னி. ஒகினாவாவில் உள்ள எல்லாத் தளங்களும் மரைன்களுடையவை என்று எண்ணிவிடக் கூடாது. செய்திகளில் அடிக்கடி வரும் கடேனா, அமெரிக்க விமானப்படையின் தளம்.

வரலாற்றைப் படிக்கும்போது பெயர் மாற்றங்களைப் பிடித்துக்கொண்டு செல்வதே நல்ல வழி. 1942 அக்டோபரில் முதலாம் மரைன் ஆம்பிபியஸ் (கடலிலிருந்து கரையிறங்கும்) கோர் என்ற பெயரில் தொடங்கிய இந்தப் படை, 1944 ஏப்ரலில் மூன்றாம் ஆம்பிபியஸ் கோர் ஆகி, குவாம், பெலெலியு, ஒகினாவா ஆகிய தீவுகளில் போரிட்டது. ஒகினாவாப் போரின் இறுதி நாட்களில், 1945 ஜூன் 18 அன்று, அமெரிக்காவின் பத்தாம் ராணுவத்தின் தளபதி பக்னர் கொல்லப்பட்டபோது, இந்தக் கோரின் தளபதி ராய் கைகர் சில நாட்கள் அந்த ராணுவம் முழுவதற்கும் தலைமை ஏற்றார். போர் முடிந்தபின் வட சீனாவுக்கு அனுப்பப்பட்ட கோர், 1946 ஜூனில் கலைக்கப்பட்டது.

1965 மார்ச் 8 அன்று வியட்நாமின் டா நாங் கரையில் மரைன்கள் இறங்கினர். மே மாதத்தில் அங்கேயே இப்படை மூன்றாம் மரைன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ் என்ற பெயரில் மீண்டும் உயிர்பெற்றது. அப்போது 'எக்ஸ்பெடிஷனரி' என்ற சொல், வியட்நாமியர்கள் வெறுத்த பிரெஞ்சு எக்ஸ்பெடிஷனரி படையை நினைவூட்டும் என்பதால், அதை நீக்கி 'ஆம்பிபியஸ்' என்ற சொல்லை வைத்தார்கள். ஒரு படையின் பெயர்ப்பலகையைக்கூட உள்ளூர் மக்களின் நினைவு மாற்றவல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1971இல் தலைமையகம் ஒகினாவாவுக்கு மாறியது. 1988இல் பழைய சொல் பெயருக்குத் திரும்பியது.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 1945இல் தீவைக் கைப்பற்றிய நாள் முதல் மரைன்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று எண்ணுவது தவறு. இப்படையின் முதுகெலும்பான மூன்றாம் மரைன் டிவிஷன் 1953இல் ஜப்பானின் பெருநிலத்துக்குத்தான் வந்தது. அங்கே தளங்களுக்கு எதிரான போராட்டங்கள் வலுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1955-56இல், அப்போது அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்த ஒகினாவாவுக்கு மாற்றப்பட்டது. 1972 மே 15 அன்று தீவு ஜப்பானிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பிறகும் தளங்கள் அகலவில்லை. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், ஒகினாவா மக்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

படையின் பணியைப் புரிந்துகொள்ள, அமைப்பு வரைபடத்தைவிட உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் அதிகம் உதவும். நூலின் ஒரு முனையை ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் வைத்து மறு முனையைத் தைவானின் தலைநகரான தாய்பே வரை இழுத்தால் ஏறத்தாழ 630 கி.மீ. வரும், டோக்கியோவுக்கு இழுத்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். கலிபோர்னியாவின் சான் டியேகோவிலிருந்து ஒகினாவா 10,000 கி.மீ.க்கு மேல். 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்தில் செல்லும் தரையிறக்கக் கப்பல் ஒரு நாளில் கடப்பது சுமார் 670 கி.மீ. என்று கணக்கிட்டுப் பாருங்கள்: அமெரிக்கக் கரையிலிருந்து 15 நாட்களுக்கு மேல் பிடிக்கும் பயணம், ஒகினாவாவிலிருந்து தைவானுக்கு ஒரே நாளில் முடியும். முன்கூட்டியே தொலைவில் நிறுத்தப்பட்ட படை என்பதன் பொருள் இந்த நாட்கணக்குதான்.

ஆனால் அந்த நூலை இன்னொரு முறையும் இழுக்க வேண்டும். மரைன்கள் ஏறும் கப்பல்கள் ஒகினாவாவில் நிற்பதில்லை. கியூஷு தீவின் சசேபோ துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 800 கி.மீ. தெற்கே வந்து, ஒகினாவாவின் ஒயிட் பீச்சில் ஆட்களையும் தளவாடங்களையும் ஏற்றிக்கொள்கின்றன. அப்படியானால் இத்தனை மரைன்கள் ஒகினாவாவிலேயே இருக்க வேண்டியது ஏன் என்று அங்குள்ள விமர்சகர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

அமைப்பைப் பொறுத்தவரை ஒன்றை அறிந்தால் போதும்: பணிக்கெனத் திரட்டி அனுப்பப்படும் மரைன் படை எவ்வளவு சிறியதாயினும் பெரியதாயினும் தலைமை, தரை, வான், தளவாடம் என்ற நான்கு உறுப்புகளைக் கொண்டிருக்கும். ஏறத்தாழ 2,200 பேர் கொண்ட 31ஆம் மரைன் எக்ஸ்பெடிஷனரி யூனிட்டில் வலுவூட்டப்பட்ட ஒரு காலாட்படைப் பட்டாலியனும், ஹெலிகாப்டர், அதைப்போல் நேராக மேலெழும் ஆஸ்ப்ரே விமானம் போன்ற வானூர்திகளும், சுமார் 15 நாட்களுக்கான கையிருப்பும் இருக்கும். செய்தியில் வரும் எண்ணிக்கை 2,200ஐ ஒட்டி இருந்தால், அது பெரும்பாலும் இந்த யூனிட்டாகவே இருக்கும்.

பிறகு, எதற்காகச் சென்றார்கள் என்று பாருங்கள். தாய்லாந்தின் கோப்ரா கோல்டு, பிலிப்பைன்ஸின் பலிகதான் ஆகியவை ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சிகள். பேரிடர் உதவி இன்னொரு வகை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அமெரிக்க மீட்புப் பணிகளுக்குத் தாய்லாந்தின் உத்தபாவோவிலிருந்து தலைமை வகித்தவர் இப்படையின் அப்போதைய தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ராபர்ட் பிளாக்மன். அந்தப் பணியின் ஒரு பகுதியாக இலங்கையின் காலிப் பகுதியில் மரைன்கள் இடிபாடுகளை அகற்றினர். 2011இல் ஜப்பானின் வடகிழக்கிலும், 2013இல் பெரும் புயல் தாக்கிய பிலிப்பைன்ஸிலும் இவர்கள் பணியாற்றினர். மூன்றாவது வகை, சீனாவை நோக்கிய போர் ஆயத்தம். 2023 நவம்பரில் ஒகினாவாவிலிருந்த 12ஆம் மரைன் ரெஜிமெண்ட், சிறு குழுக்களாகத் தீவுகளில் பரவி ஏவுகணைகளால் கப்பல்களைத் தடுக்கும் லிட்டோரல் (கரையோர) ரெஜிமெண்டாக மாற்றப்பட்டது இந்த வகையைச் சேர்ந்தது.

இறுதியாக, படையின் அறிக்கைகளோடு ரியூக்யூ ஷிம்போ, ஒகினாவா டைம்ஸ் ஆகிய உள்ளூர் நாளிதழ்களின் செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள ஒகினாவா, அந்நாட்டில் அமெரிக்கப் படைகள் மட்டும் பயன்படுத்தும் தளப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைச் சுமக்கிறது. ஃபுடென்மா மரைன் விமானதளம் கினோவான் நகரின் நட்டநடுவில் கிடக்கிறது. அதை அதே தீவின் ஹெனோகோவுக்கு மாற்றும் திட்டத்தை 2019 பிப்ரவரியில் ஒகினாவாவில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களுள் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் எதிர்த்தனர். மரைன்களில் ஒரு பகுதியினரை அமெரிக்காவின் பசிபிக் தீவான குவாமுக்கு அனுப்ப 2012இல் எட்டிய உடன்பாட்டின்படி முதல் நூறு பேர் அளவில் இடம் பெயர்ந்தது 2024 டிசம்பரில்தான்.

ஃபுடென்மாவின் வேலியை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. 2017 டிசம்பர் 13 அன்று, குழந்தைகள் உடற்பயிற்சி வகுப்பில் இருந்தபோது, மேலே பறந்த மரைன் ஹெலிகாப்டரின் சன்னல், சுமார் 90 செ.மீ. அகலமும் 7.7 கிலோ எடையும் கொண்டது, அந்த விளையாட்டுத் திடலில் வந்து விழுந்தது. அதன்பின் ஹெலிகாப்டர் நெருங்கும்போது ஓடி ஒதுங்குவதற்கென்று அத்திடலில் கூரைகள் அமைக்கப்பட்டன.