சுகாதார நிதி வெட்டப்படுகிறதா என்பதைப் பாதீட்டில் கண்டறிவது எப்படி?

சுகாதாரச் சட்டமொன்றுக்கான நிதியை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2010 மார்ச்சில் ஒபாமா கையொப்பமிட்ட சுகாதாரச் சட்டத்துக்குப் பணம் போகக்கூடாது என்ற நிபந்தனையை, 2013இல் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சியினர் அரசாங்கத்தின் தற்காலிகச் செலவுச் சட்டமூலத்தோடு சேர்த்து நிறைவேற்றினர். செனட் சபை இணங்காததால் ஒக்டோபர் 1 முதல் 16 நாட்கள் அரச அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. ஆனாலும் அதே ஒக்டோபர் 1ஆம் திகதி அச்சட்டத்தின் கீழான காப்புறுதிச் சந்தைகள் திறந்தன. அதற்கான பணத்தின் பெரும்பகுதி வருடாந்த வாக்கெடுப்பைச் சாராமல் நிரந்தரச் சட்டத்திலேயே உறுதிசெய்யப்பட்டிருந்தது.

இலங்கையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நமது இலவச சுகாதார சேவை ஆண்டுதோறும் நிறைவேற்றப்படும் ஒதுக்கீட்டுச் சட்டத்தை நம்பியே நடக்கிறது. ஆகவே வெட்டுவதற்கு எந்தச் சட்டத்தையும் நீக்க வேண்டியதில்லை. ஓர் எண்ணைக் குறைத்தால் போதும், அல்லது எண்ணை அப்படியே வைத்துவிட்டுப் பணத்தை விடுவிக்காமல் இருந்தாலும் போதும். இரண்டாவது வகை வெட்டு எந்த விவாதத்திலும் தெரியாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில், "இத வெளியில எடுத்துக்குங்க" என்று துண்டு நீட்டப்படும்போதுதான் தெரியவரும்.

நிதி அமைச்சு வெளியிடும் வரவுசெலவுத்திட்ட மதிப்பீடுகள் தமிழிலும் உண்டு. அதில் சுகாதார அமைச்சுக்குரிய 111ஆம் தலைப்பைத் திறந்து, மீண்டெழும் செலவினத்தையும் மூலதனச் செலவினத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் மூலதனச் செலவினமே. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையை எடுத்துக்கொண்டால், கட்டடம் ஒருமுறை கிடைத்த கொடை. தாதியர் சம்பளமும் மின்கட்டணமும் அம்பியுலன்ஸ் டீசலும் வருடாவருடம் மீண்டெழும் செலவினத்திலிருந்து வர வேண்டியவை. அடுத்து, முந்தைய ஆண்டொன்றில் உண்மையில் செலவான தொகைக்கான நிரலை, அதே ஆண்டுக்கு முன்னர் ஒதுக்கப்பட்ட தொகையோடு ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதானால் அங்கேதான் கேள்வி பிறக்கிறது. பணவீக்கத்தையும் மறக்கக்கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி அது 70 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அத்தகைய காலத்தில் ஒதுக்கீடு சற்றுக் கூடியிருந்தாலும் அது வெட்டுதான்.

மலையகத்தவருக்கு இந்த ஒரு தலைப்பு போதாது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின் சிறிய வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாண சபைகளின் பொறுப்பில் உள்ளன. அவற்றுக்கான பணத்தை மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் கணக்குகளில் தேட வேண்டும். கம்பனி நடத்தும் தோட்டத்து டிஸ்பென்சரியோ எந்தத் தலைப்பிலும் அகப்படாது. தோட்ட சுகாதாரம் பற்றிய வாக்குறுதிகள் இத்தனை எளிதாக வழங்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நாடாளுமன்றத்தில் அமைச்சுவாரியாக ஒதுக்கீடுகளை ஆராயும் குழுநிலை விவாதத்தில், ஒதுக்கீட்டைப் பத்து ரூபாவால் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் பிரேரித்தால் பதற வேண்டாம். அது விவாதத்தைத் தொடக்கும் மரபு மட்டுமே. அமைச்சர் அளிக்கும் பதிலை நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சார்ட்டில் வாசித்து, எந்த வைத்தியசாலைக்கு எவ்வளவு என்று அவர் சொன்னதைத் திகதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் விடுவிக்கப்பட்டதா என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே கைகொடுக்கும். "மருந்து ஏன் இல்லை?" என்று கேட்டால் விளக்கக் கடிதம்தான் வரும். "இன்ன வைத்தியசாலைக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிக்கப்பட்ட தொகை, செலவான தொகை ஆகியவற்றை மாதவாரியாகத் தருக" என்று கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, உரிய அதிகார சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் பயனில்லையேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.