திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பைத் தடுப்பது எப்படி?

நீர்க்கடுப்பு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு தொல்லைகளைக் குறிக்கிறோம். சித்திரை வெயிலில் நாள் முழுவதும் அலைந்து, தண்ணீர் குடிக்க மறந்துபோய், மாலையில் சிறுநீர் அடர் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக எரிச்சலுடன் போவது ஒன்று. இதை நீர்ச்சுருக்கு என்றும் சொல்வார்கள். இரண்டு சொம்பு நீர்மோர் குடித்துவிட்டு நிழலில் அமர்ந்திருந்தால் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவதும் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும் பலித்ததாகத் தோன்றுவது இந்த வகையில்தான். அவற்றோடு சேர்த்துக் குடித்த தண்ணீரே உண்மையில் வேலை செய்திருக்கும்.

மற்றொன்று சிறுநீர்ப்பையில் கிருமி குடியேறுவதால் வரும் தொற்று. இதில் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் முழுவதும் அடங்காது. போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடியும் போக வேண்டும் போலிருக்கும், போனால் இரண்டு சொட்டுதான் வரும், அடிவயிறு கனக்கும், சிறுநீர் கலங்கலாக இருக்கும், சில நேரம் இரத்தமும் கலந்து வரும். இத்தகைய தொற்று 6 மாதத்தில் 2 முறையோ ஓராண்டில் 3 முறையோ வந்தால், அதை மீள வரும் தொற்று என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த நிலையில் உள்ள பெண்களுக்காக எழுதப்படுகிறது. இங்கே சொல்லப்படுபவை எல்லாம் தொற்று வராமல் தடுப்பதற்கான வழிகளே தவிர, வந்துவிட்ட தொற்றைத் தீர்க்கும் மருந்துகள் அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ-கோலை என்ற பாக்டீரியா. குடலில் இருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆசனவாயிலிருந்து நகர்ந்து, சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிட்டால்தான் சிக்கல். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே உடையது, ஆண்களுக்கோ ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கிறது. பெண்களுக்கு இந்தத் தொற்று அடிக்கடி வருவதற்கு இந்த உடலமைப்பே முதன்மையான காரணம். சுத்தமாக இல்லாததால்தான் வருகிறது என்று ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வது தவறு. மேலே ஏறிய கிருமி தன் உடலில் உள்ள நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு பெருகுகிறது. ஆகவே கிருமியை மேலே ஏறவிடாமல் செய்வது, ஏறினாலும் சுவரைப் பற்றும் முன் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடுவது என்ற இரண்டு வேலைகள்தான் நம் கையில் இருக்கின்றன.

தண்ணீரும் கழிப்பறையும்

வெளியே தள்ளும் வேலையைத் தண்ணீர் செய்கிறது. இது பாட்டி காலத்து அறிவுரையாக மட்டும் நின்றுவிடாமல் முறையாகச் சோதித்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஓராண்டில் 3 முறையோ அதற்கு மேலோ தொற்று கண்ட, நாளொன்றுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகவே நீர் அருந்திவந்த 140 பெண்களைப் பல்கேரியாவில் இரண்டு குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு குழுவினர் வழக்கமாக அருந்துவதோடு கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் தினமும் குடித்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. ஏறத்தாழப் பாதி. ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டிய தேவையும் அதே அளவுக்குக் குறைந்தது. செலவே இல்லாத ஒரு வழிக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எவ்வளவு குடிக்கிறோம் என்று மனக்கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, மதிய உணவுக்குள் ஒன்று, மாலை இருட்டுவதற்குள் ஒன்று எனக் காலி செய்யப் பழகுங்கள். காபி, தேநீரைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வியர்வையாகவே நிறைய வெளியேறிவிடுவதால் இரண்டு லிட்டர் போதாது. அவர்கள் லிட்டரைப் பார்ப்பதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பதே சரி. வெளிர் மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான நீர் உடலில் இருக்கிறது. இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

இங்கே நான் சற்று நின்று பேச விரும்புவது கழிப்பறையைப் பற்றி. நம் ஊரில் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் அலட்சியமோ அறியாமையோ அன்று; குடித்தால் எங்கே போவது என்ற கேள்விதான். வெளியூர்ப் பேருந்துப் பயணத்துக்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. பள்ளிக் கழிப்பறையின் நிலைமைக்கு அஞ்சி, காலையில் கொண்டுபோன தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண் குழந்தைகள் உண்டு. துணிக்கடைகளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்ப்பவர்கள், மாற்றாள் வந்தால்தான் நகர முடியும் என்பதால் அடக்கிக்கொண்டே நிற்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று ஆனது. கழிப்பறைக்குப் போகும் இடைவேளையையும் அதே போன்ற அடிப்படைத் தேவையாக ஒவ்வொரு முதலாளியும் கருத வேண்டும். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போவதை உடன் வேலை செய்பவர்களோடு முறை வைத்துக்கொள்வதுதான். பெண் குழந்தை பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பாருங்கள். அதோடு பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள், தேவையானால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

முழுவதும் காலியாக வேண்டும்

சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கும் சிறுநீர் கிருமிக்கு வளர்ப்புத் தொட்டி. பொதுக் கழிப்பறையின் மேல்நாட்டுக் கோப்பையில் படக் கூடாது என்று பலர் அரைகுறையாகக் குந்தியபடி அந்தரத்தில் நிற்கிறார்கள். தொடைத் தசைகள் இறுகியிருக்கும்போது இடுப்புத் தளத் தசைகளும் முழுவதும் தளர்வதில்லை. விளைவாகக் கொஞ்சம் சிறுநீர் உள்ளேயே தங்கிவிடும். இருக்கையைத் துடைத்துவிட்டு நன்றாக உட்காருங்கள், அல்லது இந்தியக் கழிப்பறையில் முழுதாகக் குந்துங்கள். அவசரப்பட்டு முக்கித் தள்ள வேண்டாம். முடிந்ததும் அரை நிமிடம் காத்திருந்து, சற்று முன்னால் சாய்ந்து மீண்டும் ஒருமுறை முயன்றால் மிச்சம் வெளியேறும்.

மலச்சிக்கலும் இதோடு சேர்ந்ததே. இறுகிய மலம் குடலின் கடைசிப் பகுதியில் தங்கிச் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அது சரியாகக் காலியாவதில்லை. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது மலம் ஒழுங்காகப் போகிறதா என்பதைத்தான். கீரை, அவரை, கொய்யா, முழுப்பயறு ஆகியவற்றைத் தினசரிச் சாப்பாட்டில் சேர்ப்பது இருவகையிலும் உதவும்.

கழுவுதல் பற்றி

மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதைப் பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்கிவிடுங்கள். இப்போது பல வீடுகளில் உள்ள கைப்பிடிப் பீச்சுக்குழாயைப் பின்புறமிருந்து முன்னோக்கிப் பிடித்தால், நீரின் வேகமே கிருமியைச் சிறுநீர்த் துவாரத்தின் பக்கம் தள்ளிவிடும். குழாயை முன்புறமாக வைத்து, நீர் பின்னோக்கி ஓடும்படி மெதுவாகத் திறக்க வேண்டும். சோப்பு, டெட்டால், மணமூட்டிய கழுவுநீர் எதையும் பிறப்புறுப்பின் உட்பகுதியில் பயன்படுத்தக் கூடாது. அங்கே இயல்பாக வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தன்மையை உண்டாக்கி ஈ-கோலையை விலக்கி வைக்கிறது. மிகையான சுத்தம் அந்தக் காவலைக் கலைத்துவிடும். வெறும் தண்ணீர் போதும்.

தாம்பத்திய உறவுக்குப் பிறகு தொற்று வருவதாகக் கவனித்தவர்கள், உறவு முடிந்ததும் சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. இதற்கான ஆய்வுச் சான்று வலுவானதாக இல்லை என்றாலும் செலவோ தீங்கோ இல்லாத பழக்கம் இது. விந்தணுக்களைக் கொல்லும் களிம்புகளும் அவை பூசப்பட்ட ஆணுறைகளும் தொற்றின் வாய்ப்பைக் கூட்டுவது மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்துவோர் வேறு கருத்தடை முறைக்கு மாறலாம்.

உணவும் மூலிகையும்

பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு, இளநீர், வெள்ளரி, சுரைக்காய், நெருஞ்சில் கஷாயம், நீர்முள்ளிக் குடிநீர் என்று நம் மரபில் நீர் பெருக்கும் பொருள்கள் பல உண்டு. இவை உடலுக்கு நீரைச் சேர்த்து, சிறுநீரைப் பெருக்குவதால் உதவுகின்றன என்று கொள்ளலாம். வெறும் தண்ணீர் குடிக்கச் சலிப்படைபவர்களுக்குப் பார்லித் தண்ணீரும் உப்புக் குறைந்த நீர்மோரும் நல்ல துணை. ஆனால் இவை கிருமியைக் கொல்லும் என்று நம்பித் தொற்று வந்த பின்னும் மருத்துவரைத் தள்ளிப்போடுவது ஆபத்து. இளநீரிலும் வாழைத்தண்டிலும் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிகள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் சித்த மருத்துவரைக் கேட்காமல் நெருஞ்சில் போன்றவற்றை எடுக்க வேண்டாம்.

கிரான்பெர்ரி நம் மண்ணின் பழமன்று. ஆனாலும் அதிகம் ஆராயப்பட்டது அதுதான். அதிலுள்ள ஒருவகைச் சேர்மம், ஈ-கோலையின் இழைகள் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றவிடாமல் தடுக்கிறது. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு இதற்குப் பெரிய பலன் இல்லை என்றது. மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து 2023இல் வெளியான புதிய தொகுப்பு, மீள வரும் தொற்றுள்ள பெண்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது. கர்ப்பிணிகளுக்கும் முதியோர் இல்லங்களில் இருப்போருக்கும் பலன் தெரியவில்லை. கடைகளில் கிடைக்கும் கிரான்பெர்ரி பானங்களில் சர்க்கரையே மிகுதியாக இருப்பதால், வாங்குவதானால் மாத்திரையாக வாங்குவது மேல். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இந்தியக் கிரான்பெர்ரி என்ற பெயரில் விற்கப்படும் களாக்காய் வேறு செடியின் காய்; நல்ல ஊறுகாய் ஆகுமே தவிர, இந்த ஆய்வு முடிவுகள் அதற்குப் பொருந்தா.

டி-மேனோஸ் என்ற சர்க்கரைப் பொடியும் இணையத்தில் பெரிதாகப் பேசப்படுகிறது. பிரிட்டனில் 598 பெண்களிடம் நடந்த, 2024இல் வெளியான ஆய்வில், தினமும் அதை எடுத்தவர்களுக்கும் வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தப் பணத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

மாதவிடாய் நின்ற பிறகு

ஐம்பது வயதைக் கடந்த பிறகு புதிதாகத் தொற்று தொடங்கும் பெண்கள் பலர். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு, லாக்டோபேசிலஸும் குறைந்துவிடுகிறது. இவர்களுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம், உடல் இழந்த காவலை மீட்டுத் தருகிறது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், இதைப் பயன்படுத்திய பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறையும் பயன்படுத்தாதவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. இவ்வளவு பலன் உள்ள ஒன்றைக் கூச்சத்தால் கேட்காமலே பல அம்மாக்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்களானால் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வேறு எந்த முயற்சியும் நிலைக்காது. அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்து எரிச்சல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம்; அதற்கு மருந்தே வேறு.

தொற்று வந்தேவிட்டால், சென்ற முறை மீந்த மாத்திரையை விழுங்காமல், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். எரிச்சலைக் குறைக்கக் கடையில் தரும் சிரப் கிருமியைக் கொல்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகின் பக்கவாட்டிலோ வலி, வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள் ஆகியோருக்குத் தொற்று வந்தாலும், சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தக் கூடாது.

கல்ச்சர் அறிக்கைகளை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். தொற்று தொடங்கிய தேதியையும், அதற்கு முந்தைய இரண்டு நாளில் பயணம், மலச்சிக்கல், மாதவிலக்கு, உறவு, தண்ணீர் குறைவு ஆகியவற்றில் எது இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், மூன்று நான்கு முறைக்குள் உங்கள் உடலுக்கே உரிய காரணம் தெரியத் தொடங்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கோப்பையும் நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.