ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைக்கு மொழி வர ஒரு வழி

பிள்ளை ஜெர்மனியில் படித்தால், நாம் செய்யக்கூடிய பெரிய உதவி தினமும் வீடியோ காலில் கூப்பிடாமல் இருப்பதுதான். கேட்கக் கல்நெஞ்சம் மாதிரி இருக்கும். எங்கள் மகள் போன புதிதில் தினமும் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடுவோம். குளிர்காலத்தில் அங்கே அப்போது மாலை ஐந்து மணி. கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகள் சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே அரட்டை அடிக்கும் நேரம் அது. இவள் மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, "என்னம்மா குழம்பு?" என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எப்படி மொழி வரும்?

அப்புறம் ஞாயிறு மட்டும் என்று மாற்றினோம். அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் நிதானமாகப் பேசலாம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

பிள்ளை ஜெர்மனில் பேசத் தடுமாறினால் அங்கே பலர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். "பிட்டே ஆஃப் டாய்ச்" (தயவுசெய்து ஜெர்மனில்) என்று சிரித்தபடி சொல்லச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் 'டாண்டெம்' என்ற ஏற்பாடும் உண்டு: அங்குள்ள ஒருவர் ஜெர்மன் சொல்லித்தருவார், பதிலுக்கு நம் பிள்ளை ஆங்கிலமோ தமிழோ. காசு கிடையாது.

ஒன்றை மட்டும் விடாமல் நச்சரியுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.