ஜி20 பி.எம்.டபிள்யூவுக்கு கார்பன் டிஃப்யூசர் மாட்டுவது எப்படி

டிஃப்யூசர் மாட்டினால் வண்டி இன்னும் நன்றாக ஓடுமா என்று கேட்பவர்களிடம் நேராகச் சொல்லிவிடுவேன்: ஓடாது. வண்டியின் அடியில் வேகமாகப் பாயும் காற்று பின்பக்கம் வெளியேறும்போது மெல்ல விரிந்துபோக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் டிஃப்யூசர். அது சரியாக அமைந்தால் வண்டிக்கு அடியில் காற்றழுத்தம் குறையும், டயர் சாலையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். அதற்கு அடிப்பாகம் முன்னிருந்து பின்வரை தட்டையாக மூடியிருக்க வேண்டும். சாய்வும் அளவாக இருக்க வேண்டும், செங்குத்தாக ஏறினால் காற்று பிரிந்து சுழல ஆரம்பித்துவிடும். 3 சீரிஸில் சைலன்சர் தொங்கும் இடத்துக்குப் பின்னால், பம்பர் விளிம்பில் நான்கு துடுப்போடு நிற்கும் கருப்புத் துண்டு அழகுக்குத்தான். அழகுக்காகச் செலவு செய்வது தப்பில்லை. விளம்பரத்தில் போடும் டவுன்ஃபோர்ஸ் (காற்று வண்டியைக் கீழே அழுத்தும் விசை) கணக்கை மறந்துவிட்டு, பம்பரோடு இடைவெளி இல்லாமல் உட்காரும் பொருளாகப் பார்த்து வாங்குங்கள்.

சென்னையில் ஃபைபர் கடையில் ரெசின், அதாவது நார்த்துணியை இறுக்கும் பிசின், கலக்கித்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். இப்போது பம்பர், ஸ்பாய்லர் பொருத்துவதே முழுநேர வேலை. என்னிடம் அதிகம் வருவது ஜி20 என்ற குறியீட்டில் வரும் 3 சீரிஸ். அதிலும் எம்340ஐ என்ற மாடல் நம் ஊர்ப் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டி 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதனால் அந்த வண்டியை வைத்தே சொல்கிறேன். ஆடி, பென்ஸ் என்றாலும் முறை பெரும்பாலும் இதுதான்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். பின்பம்பர் முழுவதையும் கார்பனில் மாற்றும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். கார்பன் நார் மின்சாரத்தைக் கடத்தும், ரேடார் அலையைத் தடுக்கும். பக்கத்துப் பாதையில் வண்டி வருவதை எச்சரிக்கும் வசதி உள்ள கார்களில் அந்த ரேடார் பின்பம்பரின் இரு மூலைகளுக்கும் உள்ளேதான் இருக்கும். கம்பெனி பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அலை ஊடுருவிப் போகிறது. அங்கே கார்பன் வந்தால் ரேடார் குருடாகிவிடும், இல்லையென்றால் தப்பான எச்சரிக்கை கொடுக்கும். கையில் சாமான் இருக்கும்போது காலை ஆட்டி டிக்கி திறக்கும் வசதி இருந்தால், அதன் சென்சாரும் பம்பரின் கீழ்ப்பகுதியில்தான் ஓடுகிறது. அதற்கும் அருகில் மின்சாரம் கடத்தும் பொருள் வருவது பிடிக்காது. பார்க்கிங் சென்சார்களுக்கு நான்கு ஓட்டை, அதன் கோணம் என்று தனிக் கதை. ஆகவே பம்பர் கம்பெனியுடையதே இருக்கட்டும், கீழே உள்ள டிஃப்யூசர் துண்டை மட்டும் மாற்றுங்கள். கார்பன் பம்பர் கேட்டு வருபவர்களில் பலரிடம் இதைச் சொன்னதும் முகம் வாடும். பரவாயில்லை.

அடுத்தது, உங்களிடம் இருப்பது எந்த ஜி20 என்று சரியாகத் தெரிந்துகொள்வது. ‘ஜி20க்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும் பொருளை வாங்கக் கூடாது. எம் ஸ்போர்ட் பம்பரும் சாதா பம்பரும் வேறு. 2022இல் இந்த வண்டியின் தோற்றத்தைப் புதுப்பித்தபோது பின்பம்பரின் கீழ்ப்பாகமும் மாறிவிட்டது. 330ஐக்கு சைலன்சர் வாய் வட்டம், எம்340ஐக்கு நான்கு மூலையோடு சரிவகம். வட்ட வாய்க்கு வெட்டிய டிஃப்யூசரை எம்340ஐயில் மாட்டினால் வாயைச் சுற்றி அசிங்கமான இடைவெளி தெரியும். சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் தயாரித்த மாதமும் பம்பரின் பாகம் எண்ணும் கிடைக்கும். விற்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பொருந்துமா என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போகலாம். பி.எம்.டபிள்யூவே எம் பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் டிஃப்யூசர் விற்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் அதுதான் தலைவலி குறைந்த வழி.

இப்போது பொருளைப் பார்ப்போம். சந்தையில் கார்பன் என்ற பெயரில் மூன்று ரகம் திரிகிறது. முதல் ரகம் ட்ரை கார்பன். ரெசின் ஏற்கெனவே ஊறிய துணியை அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்பார்கள். எடை குறைவு, வெயிலில் இளகாது, விலை தலைசுற்றும். இரண்டாவது வெட் கார்பன். மேலே ஒரு அடுக்கு கார்பன் துணி, உள்ளே கண்ணாடி இழை, ரெசின் கையால் பூசியது. நம் சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு இதுதான். நன்றாகச் செய்திருந்தால் அழகுக்கு இது போதும், ட்ரை கார்பனுக்கு மூன்று மடங்கு கொடுக்க நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. மூன்றாவது, தண்ணீரில் மிதக்கும் கார்பன் டிசைன் படலத்தில் முக்கி எடுத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது வெறும் படம்தான். கார்பன் விலைக்கு அதைத் தலையில் கட்டாதவரை அதிலும் தவறில்லை.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. பொருளை வெயிலில் சாய்த்துத் திருப்புங்கள். உண்மையான நெசவு ஒரு கோணத்தில் மின்னும், அடுத்த கோணத்தில் இருளும். அச்சடித்தது எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரியும். கார் துண்டுகளில் பொதுவாக வருவது 3கே ட்வில் துணி, அதாவது ஒரு இழைக்கட்டில் 3,000 நார், நெசவு சாய்கோடாக ஓடும். நடுக்கோட்டில் இருந்து இடமும் வலமும் அந்தச் சாய்கோடு ஒரே சீராகப் போகிறதா, வளைவில் துணி இழுபட்டு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் வேலை செய்தவனின் யோக்கியதை தெரிந்துவிடும்: வெள்ளை நார் தெரிந்தால் கண்ணாடி இழை, கருப்புப் பெயின்ட் அடித்து மூடியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். மேல்பூச்சில் ஊசிமுனை ஓட்டைகள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, ஒரு கோடையில் வெள்ளைப் புள்ளிகளாகக் கிளம்பும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. விமானக் கூரியர் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டியின் பருமனுக்கும் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 140, 50, 30 என்ற பெட்டி 42 கிலோவாகக் கணக்காகும், உள்ளே இருக்கும் டிஃப்யூசர் மூன்று கிலோ இருந்தாலும். இதற்கு மேல் சுங்கவரி. ஆக, விலையைக் கேட்கும்போதே பெட்டி அளவையும் கேட்டுவிடுங்கள்.

சரி, பொருள் வந்தாயிற்று. சில வண்டிகளில் பம்பரைக் கழற்றாமலே கம்பெனி டிஃப்யூசரை உருவிவிடலாம். நான் கழற்றித்தான் செய்வேன். சக்கர வளைவில் உள்ள டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்குரூ, அடியில் உள்ளவை, எல்லாம் எடுத்த பிறகு மூலைகளை வெளிப்பக்கமாக இழுத்தால் கிளிப்புகள் விடும். இரண்டு பேர் வேண்டும். பம்பர் முழுசாக வெளியே வருவதற்குள் சென்சார் ஒயர் சாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் அறுந்து வேலை இரட்டிப்பாகும். பெயின்ட் விளிம்புகள் எல்லாவற்றிலும் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கம்பெனி கிளிப் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், புதிதாக வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வேலையின் முக்கால் பங்கு, எதையும் ஒட்டாமல், முடுக்காமல் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. பம்பரைக் கம்பளி விரித்த மேசையில் கவிழ்த்து, டிஃப்யூசரை அதன் இடத்தில் உட்காரவையுங்கள். நடுவில் இருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் பாருங்கள். வெட் கார்பன் துண்டு முதல் முறையிலேயே கச்சிதமாக உட்காருவது அபூர்வம். ஒரு மூலை தூக்கி நிற்கும். “இழுத்துப் பிடிச்சு ஸ்குரூ போட்டா சேர்ந்துடும்ணே” என்பான் என் கடைப் பையன். சேரும்தான். ஆனால் இழுவிசை அந்த ஓட்டையிலேயே நின்று, வெயில் ஏற ஏற மேல்பூச்சில் மெல்லிய கோடாக வெடிக்கும். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே தேய்க்க வேண்டும். இடிக்கும் இடத்தில் சாக்பீஸ் தடவி ஒருமுறை அழுத்தி எடுத்தால் அச்சு விழுந்திருக்கும்.

தேய்ப்பது எப்போதும் தண்ணீர் விட்டு, வாட்டர் பேப்பரில். கார்பன் தூள் தோலில் குத்தும், மூச்சில் போனால் கெடுதல், மின்சாரம் கடத்துவதால் ஸ்விட்ச் போர்டு, சார்ஜர் பக்கம் பறந்தால் ஷார்ட் ஆகும். என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் போடாமல் என் கடையில் யாரும் தொடக் கூடாது. ஏர் கம்ப்ரசரால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இங்கே ஆகாது, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். தேய்த்த விளிம்பில் நார் திறந்து நிற்கும். அதை எபாக்சி ரெசின் ஒரு கை பூசி மூடிவிட வேண்டும்.

சைலன்சர் வாயைச் சுற்றி நான் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுவேன். வண்டி நிற்கும்போது தெரியும் இடைவெளியை நம்பாதீர்கள். சைலன்சர் ரப்பரில் தொங்குவதால் ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஆடும். கையால் பூசி, அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கலாம். வாய்க்கு அருகே உட்புறத்தில் வெப்பம் தடுக்கும் அலுமினிய ஷீட் ஒட்டிவிட்டால் நிம்மதி.

ஓட்டை போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பம்பர் பிளாஸ்டிக் சூட்டில் விரியும், கார்பன் கிட்டத்தட்ட விரியவே விரியாது. விடியற்காலை 25 டிகிரியில் இருந்த பம்பர் மே மாத வெயிலில் 65ஐத் தொட்டால், 120 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டுக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஆகவே நடு ஓட்டை மட்டும் கச்சிதமாக, ஓரத்து ஓட்டைகள் பக்கவாட்டில் நீண்டு இருக்க வேண்டும். ஸ்குரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அடியில் நைலான் வாசர். கார்பனோடு அலுமினியம் நேரடியாகத் தொட்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். ஈ.சி.ஆர். பக்கம் உப்புக்காற்றில் இது இன்னும் வேகம். முடுக்குவது கை ஸ்குரூ டிரைவரால்தான், மெஷின் வேண்டாம்.

ஸ்குரூ எட்டாத விளிம்புக்கு டபுள் சைடு டேப். பம்பரின் உட்புறம் பாருங்கள், பிபி என்ற குறி பதிந்திருக்கும். அது பாலிப்ரொப்பிலீன். அதில் எந்தப் பசையும் நேரடியாக நிற்காது. பெயின்ட் இல்லாத இடமென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமர் தடவிக் காயவிட்டு, பிறகு 3எம் வி.எச்.பி. போன்ற டேப்பை அழுத்தி ஒட்ட வேண்டும். அந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும், ஒரு நாளில் 90 சதவீதம். கடையில் இருந்து நேராக பிரஷர் வாஷுக்கு ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து மூன்று நாள் பொறுங்கள்.

பம்பரைத் திரும்ப மாட்டி, எல்லா ஸ்குரூவையும் கடைசி வரை முடுக்குவதற்கு முன் சாக்கெட்டுகளைச் செருகி இக்னிஷன் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் போட்டதும் நான்கு சென்சாரும் பேசுகிறதா, காலை ஆட்டினால் டிக்கி திறக்கிறதா, டேஷ்போர்டில் எச்சரிக்கை ஏதாவது நிற்கிறதா. வண்டியை இழுக்கும் கொக்கி போடும் மூடியை டிஃப்யூசர் மறைக்கக் கூடாது, சிவப்பு ரிஃப்ளெக்டரும் அப்படியே தெரிய வேண்டும். சில டிஃப்யூசர்களில் நடுவில் மினுக்கும் சிவப்பு விளக்கு வரும். அதற்கு நான் ஒயர் கொடுப்பதில்லை. போலீஸ் பிடிக்கும் என்பது ஒரு பக்கம், பின்னால் வருபவன் கண்ணுக்கு அது தொல்லை.

அப்புறம் உங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவு. இறங்கும் சரிவு தரையைத் தொடும் இடத்தில் டிஃப்யூசரின் துடுப்புதான் முதலில் உரசும். வாங்குவதற்கு முன்பே கம்பெனி பம்பரின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, புதியது எவ்வளவு கீழே இறங்குகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் உரசினால் கோடு விழும், கார்பன் உரசினால் சில்லு தெறிக்கும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. எபாக்சி வெயிலில் மஞ்சளாகும், அதைத் தடுப்பது மேலே உள்ள, யு.வி. (புற ஊதாக் கதிர்) தாங்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சுதான். வந்த பொருளில் அது ஒல்லியாக இருந்தால், மாட்டுவதற்கு முன்பே நல்ல பெயின்டரிடம் 2கே (கடினமாக்கி கலந்து அடிக்கும்) கிளியர் இரண்டு கை அடித்துவிடுங்கள். வேக்ஸோ செராமிக் கோட்டிங்கோ அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் சாராத துணைப் பொருட்கள் என்ற இடத்தில் டிஃப்யூசரின் விலையைப் பில்லோடு எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பின்னால் ஒருவன் இடிக்கும்போது கம்பெனி பிளாஸ்டிக் துண்டின் விலைகூடப் பேரம் பேசித்தான் வரும். கழற்றிய கம்பெனி டிஃப்யூசரைத் தூக்கிப் போடாதீர்கள். கிளிப், ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போது கார்பனைத் தனியாக விற்பதுதான் லாபம்.