சாஃப்ட்வேர் இன்டர்வியூ: வாய்விட்டு யோசிக்கப் பழகுவது எப்படி?

சேலத்துக் கல்லூரிகளில் கடைசி வருடம் படிக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நன்றாக கோடிங் செய்கிற பிள்ளைகள் இன்டர்வியூவில் ஒரு வார்த்தை பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வருகிறார்கள். பார்க்கவே மனசு வலிக்கிறது. உங்கள் தலைக்குள் ஓடுவது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதற்கான பயிற்சிதான் கீழே இருப்பது.

படி 1: ஒரு மொழி போதும்

பைத்தான், ஜாவா, சி++ இவற்றில் கை பழகியது எதுவோ அதை எடுங்கள். அர்ரே (பட்டியல்), ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), ஹேஷ் மேப் (போட்டு வைத்தது உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லும் அட்டவணை), சார்ட்டிங் (வரிசைப்படுத்துவது) நான்கையும் கூகுள் பார்க்காமல் எழுத வரவேண்டும். ரெஸ்யூமேயில் ஏழு மொழி போட்டால் ஏழிலும் கேள்வி வரும்.

படி 2: பாட வரிசை

அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், பைனரி சர்ச் (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), பிறகு தகவலை அடுக்கி வைக்கும் முறைகளான ஸ்டாக், க்யூ, லிங்க்டு லிஸ்ட், ட்ரீ. இந்த வரிசையில் போங்கள். டைனமிக் புரோகிராமிங் (பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, வந்த விடைகளைச் சேமித்துப் போடுவது) கடைசியில் வரட்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட பைனரி சர்ச்சுக்கு அதிகபட்சம் 20 ஒப்பீடு போதும். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் 20தான், மறக்காது.

படி 3: ஒரு கணக்கை வாய்விட்டுப் போடுவது

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் ஆறு கொலுசுகள் இருக்கின்றன. எடை கிராமில் 40, 75, 65, 30, 85, 120. கூட்டினால் 150 கிராம் வரும்படி இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உடனே கீபோர்டில் கை வைக்காதீர்கள், முதலில் கேள்வி கேளுங்கள். ஒரு ஜோடி போதுமா, எல்லா ஜோடியும் வேண்டுமா? இங்கே 65-ம் 85-ம் சேர்ந்தாலும் 150 வரும்; 30-ம் 120-ம் சேர்ந்தாலும் 150 வரும். ஒரே கொலுசை இரண்டு முறை எண்ணலாமா? பட்டியல் காலியாக இருந்தால் என்ன தரவேண்டும்?

ஒரு ஜோடி போதும், ஒரு கொலுசை ஒருமுறைதான் எண்ணலாம் என்று பதில் வந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்து, எளிய வழியைச் சொல்லுங்கள். "ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். ஆறுக்கு 15 ஜோடிதான். ஆனால் ஒரு லட்சம் கொலுசு இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி ஆகிவிடும்." இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் நல்ல வழி. ஒவ்வொரு எடையையும் எடுக்கும்போது 150-க்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, அது ஏற்கெனவே ஹேஷ் மேப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையில் இருப்பதை அதில் போட்டுவிட்டு நகருங்கள். 85 வரும்போது 65 வேண்டும், அது உள்ளே இருக்கிறது, விடை கிடைத்துவிட்டது. பட்டியலை ஒருமுறை கடந்தால் போதும். அதற்கு விலையாகக் கூடுதல் மெமரி செலவாகும், அதையும் சொல்லுங்கள்.

75-ஐ கவனியுங்கள். தேடுவதற்கு முன்பே அதை மேப்பில் போட்டுவிட்டால், அது தன்னோடு தானே ஜோடி சேர்ந்து தவறான விடை வரும். இதை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் கேட்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

இதே முறையில் தினமும் ஒரு கணக்கு, சத்தமாக. முதலில் தமிழில் பேசிப் பாருங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில். தமிழிலேயே தெளிவாகச் சொல்ல வராத விஷயம் ஆங்கிலத்தில் வரவே வராது. இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

படி 4: உங்கள் புராஜெக்ட்

காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டைக் கொண்டுபோகாதீர்கள். சின்னதாக ஒன்று நீங்களே செய்யுங்கள். ஏற்காடு கோடை விழா சமயத்துக்கு அறை முன்பதிவு செய்யும் தளம் என்றால்கூடப் போதும். மீதி இருப்பது ஒரே அறை, இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் யாருக்குப் போகும்? ஒரு வேலையை முழுதாக முடிக்கும், இல்லையென்றால் முழுதாக விட்டுவிடும் டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன், ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரைக் காக்க வைக்கும் லாக் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்தே புரிய ஆரம்பிக்கும். எஸ்க்யூஎல் ஜாயினும் (டேட்டாபேஸ் அட்டவணைகளை இணைத்துத் தகவல் எடுப்பது), கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் Git கருவியும் இந்த வேலையிலேயே பழகிவிடும்.

படி 5: ஆப்டிட்யூட்

டிசிஎஸ் நிறுவனம் ஆள் எடுக்க நடத்தும் என்க்யூடி (NQT) போன்ற தேர்வுகளில் கோடிங்கோடு கணக்கு, தர்க்கம், ஆங்கிலமும் உண்டு. சதவீதம், நேரமும் வேலையும், விகிதம் இவற்றை கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகுங்கள்.

படி 6: மாதிரி இன்டர்வியூ

நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். எங்கே நீண்ட நேரம் அமைதியானீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் "இந்த இடத்தில் யோசிக்கிறேன், ஒரு நிமிடம் தாருங்கள்" என்று சொல்லலாம், தப்பே இல்லை.

பெங்களூருவில் காலையில் இன்டர்வியூ என்றால், இரவு பஸ் ஏறி விடியற்காலையில் இறங்கி நேரே போகாதீர்கள். முடிந்தால் முந்தைய நாளே போய்த் தூங்குங்கள். ஆன்லைன் என்றால் லேப்டாப் சார்ஜ் முழுதாக இருக்கட்டும், செல்போன் ஹாட்ஸ்பாட்டும் தயாராக இருக்கட்டும். முடிந்து வந்த அன்று மாலையே, கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதி, பதில் வராதவற்றை மறுநாள் போட்டுப் பாருங்கள்.