மாடித் தொட்டிக்கு எந்த போர்டு? முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை

நிரல் எழுதி சென்சார் போன்றவற்றை இயக்க உதவும் சிறிய மின்னணுப் பலகையான போர்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று பிறகு யோசிப்பது புதியவர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த போர்டு வெகுநாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆகவே, கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் கடற்கரையை ஒட்டிய வீடொன்றின் மாடித் தொட்டி நீர்மட்டத்தைக் கைப்பேசியில் காட்டும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சென்சாரிலிருந்து தொடங்குவோம்.

படி 1: சென்சார். விலை குறைந்த ஹெச்சி-எஸ்ஆர்04 மீயொலி சென்சார் (ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது) 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும். ஆனால் அதன் முகப்பு திறந்தே இருப்பதால், தொட்டிக்குள் படியும் ஈரமும் வெளியே வீசும் உப்புக்காற்றும் அதை விரைவில் அரித்துவிடும். நீர்புகாத தலை கொண்ட ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி இங்கே பொருத்தமானது. ஏறத்தாழ 20 செ.மீ.க்குள் இருப்பதை அதனால் அளக்க முடியாது என்பதால், தொட்டி நிறையும்போது நீர் நிற்கும் மட்டத்திற்கு 25 செ.மீ. மேலே பொருத்துங்கள்.

படி 2: போர்டு. நிரல் எழுதிப் பழகுவதற்கு ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போதும். ஆனால் அதில் வைஃபை இல்லை. நமக்குக் கைப்பேசித் தொடர்பு தேவை என்பதால் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டை வாங்குவோம்.

படி 3: மின்னழுத்தம். புதியவர்கள் போர்டைப் பொசுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 5 வோல்ட்டில் இயங்கும் சென்சார் எக்கோ பின்னிலும் (ஒலி திரும்பியதை போர்டுக்குச் சொல்லும் இணைப்பு முனை) 5 வோல்ட்டே தரும். இஎஸ்பி32-இன் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை. எக்கோவிலிருந்து 1 கிலோஓம் மின்தடை வழியாக போர்டின் பின்னுக்கும், அதே பின்னிலிருந்து 2 கிலோஓம் வழியாக கிரவுண்டுக்கும் (போர்டின் 0 வோல்ட் முனை) இணைத்தால், மின்னழுத்தம் சுமார் 3.3 ஆகக் குறையும். எக்கோவுக்கு 34ஆம் பின்னைப் பயன்படுத்தலாம். 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே என்பதால் சென்சாரை அளக்கச் சொல்லி போர்டு சிக்னல் அனுப்பும் டிரிக்கர் கம்பியை அங்கே கொடுக்காதீர்கள்.

படி 4: மோட்டார். பம்பையும் தானாக நிறுத்த ஆசைப்பட்டால், 10 ஆம்பியர் என்று அச்சிட்ட சிறிய ரிலேயில் (போர்டின் சிக்னலால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரை நேரடியாக இணைக்காதீர்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலே கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 5: இடம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. போர்டை மூடிய பெட்டியில், மாடிப்படிக் கூரையின் கீழே வையுங்கள். பெட்டியைத் திருகுவதற்கு முன் கைப்பேசியுடன் அங்கே நின்று, வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எட்டுகிறதா என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இஎஸ்பி32 இணையாது.